எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்?

பிரிங்க்மான் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

எங்கள் ஆட்கள் அதிர்ந்துபோனால் நெஞ்சில் கை வைப்பார்கள், "ஐயோ மாதாவே" என்பார்கள், பக்கத்தில் நிற்பவரின் கையை இறுகப் பிடிப்பார்கள். ஜெர்மன்காரர் கண்ணாடியைக் கழற்றுவார். கண்ணாடி போடாத ஜெர்மன்காரர் என்ன செய்வார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஜெர்மனியில், ஹம் நகரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில்தான் எங்கள் வகுப்பு. வெளியே மழை. அறைக்குள் நனைந்த கோட்டுகளின் மணமும், கருகிய கோப்பியின் மணமும். கணினி வலையமைப்புப் பாடம் எடுத்த பிரிங்க்மான் ஏதோ விளக்கிக்கொண்டே மேசைகளுக்கு நடுவே நடந்து வந்தவர், என் மேசையருகே வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

என் மேசையில் சுருள்கம்பி போட்டுக் கட்டிய ஒரு தாள்கட்டு விரிந்து கிடந்தது. ஒளித்து வைக்கவில்லை. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, பச்சைப் பேனாவால் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வகுப்பில் வேறு யாரிடமும் அப்படியொரு கட்டு இல்லை.

அவர் அதை இரண்டு விரலால் நுனியில் பிடித்துத் தூக்கினார். செத்த எலியைத் தூக்குவதுபோல. ஒரு பக்கத்தைப் பார்த்தார், இன்னொரு பக்கத்தைப் பார்த்தார். முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கேயோ இறங்கிப்போய்விட்டது.

"எல்லோரும் இடைவேளைக்குப் போங்கள்" என்றார்.

இடைவேளைக்கு இன்னும் நேரம் இருந்தது. நாற்காலிகள் இழுபட்டன. நானும் கோட்டை எடுத்தேன்.

"நீங்கள் இருங்கள், ஃபிராவ் மரியநாயகம்."

ஃபிராவ் என்றால் திருமதி. என் கணவரின் பெயரை அவர் அதுவரை ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. அன்று ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். எடுத்த கோட்டைத் திரும்ப மாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

வெடித்த கைகள்

அவர் கதவைச் சாத்துவதற்குள், நான் அந்த அறைக்கு எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். முந்தைய வாரங்களைத் தவறவிட்டவர்களுக்கு இது உதவும்.

மன்னாரிலிருந்து அகதியாக வந்து, பேப்பர்கள் சரிவந்த பிறகு, ஒரு வைத்தியசாலைச் சலவைக்கூடத்தில் வருடக்கணக்காக வேலை செய்தேன். நீராவியும் சவர்க்காரத் தண்ணீரும் சேர்ந்து என் கைத்தோலைத் தின்றுவிட்டன. விரல் மடிப்புகள் வெடித்து இரத்தம் கசியும். கறிக்கு உப்புப் போடவே பயம். "இனிமேல் இந்த வேலை உங்களுக்குக் கூடாது" என்று தோல் வைத்தியர் எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் 'உம்ஷூலுங்' வந்தது. ஒரு தொழில் செய்ய முடியாமல் போனவருக்கு அரசாங்கச் செலவில் வேறொரு தொழில் பழக்கும் ஏற்பாடு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்த பெண், முதியோர் பராமரிப்பா, சமையற்கூடமா என்று கேட்டாள். நான் கணினி என்றேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருதரம் நன்றாகப் பார்த்தாள். ஊரில் உயர்தர வகுப்பில் கணிதம் படித்தவள் நான். யுத்தம் வந்து பல்கலைக்கழகத்தைப் பறித்ததே தவிர, கணக்கைப் பறிக்கவில்லை. இதை ஜெர்மன் மொழியில் சொல்ல எனக்கு வராததால், "கணக்கு நல்லா வரும்" என்று மட்டும் சொன்னேன்.

பயிற்சியின் நடுவே ஒரு குளிர்காலம் முழுக்க, லோமான் என்ற பெண்மணி நடத்திய சிறு நிறுவனத்தில் வேலை பழகினேன். டாக்டர்மாரின் கிளினிக்குகளுக்குக் கணினி பூட்டிக் கொடுத்துப் பராமரிக்கிற நிறுவனம். கேபிள் இழுத்தேன், சுவிட்ச் பூட்டினேன், மேசைகளுக்குக் கீழே தவழ்ந்தேன். கை வெடிக்கவில்லை. கடைசி நாள் ஃபிராவ் லோமான் என் தோளில் தட்டி, "வலையமைப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வாருங்கள். கோடையில் உங்களுக்கு இங்கே ஒரு மேசை இருக்கும்" என்றார்.

ஆக, எல்லாம் அந்த ஒரு பரீட்சையில் நின்றது. பாஸ் பண்ணினால் அந்த மேசை. இல்லாவிட்டால் துடைப்பமும் வாளியும் சவர்க்காரத் தண்ணீரும். அந்தப் பரீட்சைக்கு எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்பதுதான் இந்த வாரக் கதை. இதில் என்ன கதை இருக்கிறது என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஸ்சுக்கும் பாணுக்கும்

முதல் புத்தகத்தை வாங்கியது நானும் என் கணவரும். டோர்ட்முண்டில் ஒரு பெரிய புத்தகக் கடை. கணினிப் புத்தகங்களுக்கென்றே ஒரு சுவர். அதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஒரே பரீட்சைக்கு இத்தனை புத்தகமா? ஒவ்வொன்றும் செங்கல் தடிப்பு. ஒவ்வொன்றின் முதுகிலும், தான் ஒருவன்தான் முழுமையானவன் என்று எழுதியிருந்தது.

நான் ஜெர்மன் புத்தகம் ஒன்றில் கை வைத்தேன். என் கணவர் கம்பித் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்பவர், சும்மா வாய் திறக்கமாட்டார். அன்று திறந்தார்.

"என்னப்பா நீர்? படிப்பெண்டால் இங்கிலீசிலதான் படிக்கோணும். இவங்கட பாசை பஸ்சுக்கும் பாணுக்கும் காணும்."

"இஞ்ச எல்லாரும் இதிலதானே படிக்கினம்?"

"அவங்களுக்கு வேற பாசை தெரியாது, படிக்கினம். கொம்பியூட்டர் இங்கிலீசுக்காரன்ர சாமான்."

மறுத்துப் பேச எனக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவர் என்றால் எழுந்து கதிரை கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து கோர்ட்டுக் கடுதாசி வரை, பெரிய காரியமெல்லாம் இங்கிலீஷில்தான் நடக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். ஜெர்மன் எங்களுக்கு பஸ் ஏறவும் கடையில் பாண் ரொட்டி வாங்கவும் பழகிய வேலைக்காரப் பாசை. ஃபோர்மனின் அதட்டலில் இருந்தும், பக்கத்து வீட்டுக்காரியின் முறைப்பாட்டில் இருந்தும் பொறுக்கிச் சேர்த்தது. அதில் ஒருவர் படிக்கவும் முடியும் என்று எங்களுக்கு உறைக்கவேயில்லை.

இங்கிலீஷ் புத்தகம் வீட்டுக்கு வந்தது. சாமிப்படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, அடுத்த நாள் குளித்து, மெழுகுதிரி கொளுத்தி, திறந்தேன்.

திறந்து கொஞ்ச நேரத்திலேயே எனக்கு வியர்த்தது. என்னிடம் இருக்கிறதென்று இத்தனை வருடமாக நான் நம்பியிருந்த இங்கிலீஷ், என்னிடம் இல்லை! பள்ளிக்கூட வாசிப்புப் புத்தகத்தில் ஒரு குடும்பம் கடற்கரைக்குப் போகும், பூனை பால் குடிக்கும். அந்த இங்கிலீஷ்தான் எனக்குத் தெரிந்தது. இந்தப் புத்தகத்தில் யாரும் கடற்கரைக்குப் போகவில்லை. ஒரு பக்கம் வாசிக்க ஒரு பின்னேரம் போனது. அடுத்த நாள் அந்தப் பக்கமும் மறந்துபோனது.

இதை நான் என் கணவரிடம் சொல்லவில்லை. அவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பூனைபோல நடந்து போவார். படிக்கிறாளாம்.

ரியூசன் கொட்டில் வழக்கம்

அந்த நேரத்தில்தான் ஆரோக்கியராஜ் வந்தான். திருச்சிப் பிள்ளை. டுசல்டோர்ஃபில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை. கெல்சென்கிர்ச்சன் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வருவான். பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணியும் வடையும் கொடுக்கும்போது என் பைக்குள் இருந்த செங்கல்லைப் பார்த்துவிட்டான்.

"அக்கா, இவ்ளோ பெரிய புக்கா? இதை எவன் படிப்பான்? நான் ஒண்ணு மெயில் பண்றேன், பிரிண்ட் எடுத்துக்கோங்க. கொஸ்டினும் ஆன்சரும் மட்டும்தான் இருக்கும். எங்க பேட்ச்ல எல்லாரும் அதை வச்சுத்தான் கிளியர் பண்ணோம்."

"பாஸ்ட் பேப்பரோ தம்பி?"

"அப்படியே வச்சுக்கோங்களேன்."

எனக்கு வந்த நிம்மதியைக் கேட்காதீர்கள். 'பாஸ்ட் பேப்பர்' என்ற சொல்லை அறியாத இலங்கைப் பிள்ளை கிடையாது. கடந்த வருடங்களின் பரீட்சைத் தாள்கள். அரசாங்கமே வெளியிடும். பஸ் நிலையத்தில் கச்சான் கடலை விற்கும் கடைக்குப் பக்கத்தில் தொங்கும். ரியூசன் கொட்டிலில், தகரக் கூரையின் கீழ், வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு நாங்கள் படித்ததெல்லாம் அதைத்தான். படிப்பிக்கிற சேர் வந்து நிற்பார், பலகையில் வருடத்தை எழுதுவார், நாங்கள் கணக்கைச் செய்வோம். பத்து வருடத்துத் தாள்களைச் செய்யாமல் பரீட்சைக்குப் போகிறவனைச் சோம்பேறி என்று ஏசுவார்கள். செய்கிறவள் கெட்டிக்காரி.

ஆகவே நான் கெட்டிக்காரியானேன். தாளை அச்சடித்தேன், கம்பி போட்டுக் கட்டினேன், பச்சைப் பேனா வாங்கினேன். கணக்குகளுக்கு விடையை மறைத்து வைத்துக்கொண்டு நானே செய்து பார்த்தேன். அப்படித்தான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். முதல் சில பக்கங்கள்தான் முடிந்திருந்தன. மிச்சத்தை வகுப்பில் செய்யலாமென்று கொண்டுபோனேன்.

சாத்திய கதவு

"இது எங்கிருந்து கிடைத்தது?" என்றார் பிரிங்க்மான்.

"ஒரு நண்பர் தந்தார். பழைய வினாத்தாள்."

"பழைய வினாத்தாளா? இவை இன்றைக்கும் பரீட்சையில் வருகிற கேள்விகள். யாரோ பரீட்சை எழுதிவிட்டு வந்து களவாக எழுதி வெளியே விடுகிறார்கள். இதை வைத்திருந்தீர்கள் என்று தெரிந்தால் உங்களுக்கு ஆயுளுக்கும் தடை. இந்தப் பள்ளியின் பரீட்சை அறையையும் மூடிவிடுவார்கள். தெரியுமா உங்களுக்கு?"

களவு என்ற சொல் என்னை நோக்கி வந்தது அதுதான் முதல் தடவை. அகதி என்றார்கள், தாங்கிக்கொண்டேன். துப்புரவுக்காரி என்றார்கள், அது வேலை. கள்ளி என்று ஒருவரும் சொன்னதில்லை.

"எங்கள் நாட்டில் இது வழக்கம். எல்லோரும் இப்படித்தான் படிப்பார்கள்" என்றேன். அரசாங்கம் வெளியிடுவதையும், கச்சான் கடையையும், சேரையும் அந்த நேரத்தில் எந்த மொழியில் சொல்வது?

"இது உங்கள் நாடு அல்ல" என்றார் அவர்.

பிறகு மூலையில் இருந்த தாள் வெட்டும் இயந்திரத்திடம் போனார். கம்பியை உருவிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார். என் பச்சைக் கோடுகள் நூல் நூலாக இறங்கின.

"நிர்வாகத்திடம் நான் சொல்லப்போவதில்லை. ஒழுங்கான புத்தகம் ஒன்று வாங்கிப் படியுங்கள்."

"எந்தப் புத்தகம்?" என்று கேட்டேன்.

"ஏதாவது ஒன்று" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

நிர்வாகத்திடம் சொல்லாமல் விட்டாரே என்று, அதிர்ச்சிக்குள்ளும் எனக்கு அவர்மேல் ஒரு நன்றி வந்தது. இதை மறக்கவேண்டாம். அந்த நன்றிக்கு நான் பிறகு ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்தேன்.

வீட்டுக்கு வந்து ஆரோக்கியராஜைத் தொலைபேசியில் பிடித்துக் கிழித்துவிட்டேன். அவனும் பதறிப்போனான்.

"சத்தியமா அக்கா, உங்களுக்குப் பிரச்சினை வரும்னு தெரியாது. எல்லாரும் வச்சிருக்காங்க. நான் இந்த வேலையை வருஷக்கணக்கா பண்றேன். சர்டிபிகேட் வேணும்னு ஹெச்.ஆர்.ல கேக்கறாங்க, அதுக்காக எழுதினேன்."

கோபம் அடங்கி யோசித்தபோது அவன் சொன்னதில் ஒரு நியாயம் தெரிந்தது. அவனிடம் வேலை இருந்தது, சான்றிதழ்தான் இல்லை. என்னிடம் இரண்டும் இல்லை. அவனுக்குப் போதுமானது எனக்குப் போதாது. புத்தகம் கேட்கும்போது அதைப் படித்துப் பாஸ் பண்ணியவரிடம் கேட்கிறோமே, அவர் யார், எங்கே நிற்கிறார் என்று கேட்கிறோமா?

செவுளைத் தூக்கிப் பார்த்தல்

ஒரு வாசகி போன மாதம் கேட்டிருந்தார், அக்கா, நல்ல புத்தகத்தை எப்படித் தெரிந்தெடுப்பது என்று. நான் மன்னார்க்காரி. எனக்குத் தெரிந்தது மீன்தான். மீன் வாங்கும்போது மேல்தோலின் மினுக்கத்தைப் பார்க்கமாட்டோம். செவுளைத் தூக்கிப் பார்ப்போம்.

மறுபடி டோர்ட்முண்டுக்குப் போனேன். இந்தமுறை தனியாக. எனக்கு அறவே பிடிபடாமல் இருந்தது சப்நெட் என்ற விஷயம். ஒரு பெரிய வலையமைப்பைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கிற கணக்கு. ஒவ்வொரு புத்தகத்திலும் அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் திறந்து, நின்றபடியே வாசிப்பது என்று முடிவு செய்தேன். நிற்கிற நிலையில் எது விளங்குகிறதோ அது என் புத்தகம். அட்டையில் யார் சிரிக்கிறார் என்பது எனக்குத் தேவையில்லை.

ஒன்றை எடுத்தேன். முதல் பக்கத்திலேயே மூன்று சுருக்கச் சொற்கள், விளக்கமில்லை. வைத்துவிட்டேன். இன்னொன்று நல்ல படங்கள், கணக்கு இல்லை. வைத்துவிட்டேன். இன்னொன்று. அதில் எழுதியவர் வாசகரை ஒரு தெருவுக்குள் கூட்டிப்போய், வீட்டு இலக்கங்களைக் காட்டி, மெதுவாக இரண்டின் அடுக்குகளுக்கு வந்தார். நான் பையைத் தரையில் வைத்தேன். பக்கம் திருப்பினேன். கணக்கு விழுந்தது. ஊரில் ஒரு கணக்கு பிடிபட்டால் நாங்கள் 'விழுந்திட்டுது' என்போம். அடுத்த கணக்கும் விழுந்தது.

கடைக்காரப் பெண் வந்து, கதிரை வேண்டுமா என்று கேட்டாள். நான் நிமிர்ந்து அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி குனிந்தபோதுதான் கவனித்தேன். அது ஜெர்மன் புத்தகம்.

நான் இவ்வளவு நேரமும் ஜெர்மனிலா படித்துக்கொண்டிருந்தேன்? படிப்பதாகவே தெரியவில்லையே! அகராதி இல்லை, வியர்வை இல்லை. எந்த டெர்மினுக்கு, அதாவது நேரம் குறித்த சந்திப்புக்குப் போனாலும், எந்த அரசாங்கக் கந்தோரில் உட்கார்ந்தாலும், "எனக்கு ஜெர்மன் கொஞ்சம்தான்" என்று முதலே சொல்லி வைத்துக்கொள்பவள் நான். அவர்களும் நம்பினார்கள், செவிடிக்குச் சொல்வதுபோலச் சொல்லுக்குச் சொல் இழுத்துப் பேசினார்கள். பஸ்சுக்கும் பாணுக்கும் என்று நாங்கள் ஒதுக்கிவைத்த அந்தப் பாசை, எங்களைக் கேட்காமலே உள்ளே வந்து வீடு கட்டியிருக்கிறது. அந்தக் கடையில், அத்தனை சனத்துக்கு நடுவில், எனக்கு அழுகை வந்தது. சந்தோசமா அவமானமா என்று இப்போதும் சொல்லத் தெரியாது.

வீட்டில் புத்தகத்தைப் பார்த்த என் கணவர், "இதென்னப்பா, இவங்கட பாசையிலயோ?" என்றார்.

"ஓம். எனக்கு இதுதான் விளங்குது. நான் என்ன செய்ய?"

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். திருப்பி வைத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

திரையில் வந்த கேள்வி

பிறகு நான் படித்த படிப்பை விவரிக்கப்போவதில்லை. அதில் சுவாரசியம் இல்லை. வகுப்பில் முதல் வரிசைக்கு மாறினேன். ஈஸ்டர் லீவுக்கு முன்னால் ஒரு சட்டி நிறைய ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்தேன். பிரிங்க்மானுக்கு இரண்டு வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் நன்றி சொன்னார். உறைப்போ என்று நினைத்தேன்.

ஃபிராவ் லோமானுக்கு இடையில் ஓரிரு தடவை தொலைபேசி எடுத்தேன். கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். பாவம், வேலை கூட என்று நினைத்தேன்.

பரீட்சை நாள். சின்ன அறை, மேலே கமரா, மேசையில் ஒரு பிளாஸ்டிக் அட்டையும் அழிக்கக்கூடிய பேனாவும். திரை மொழியைக் கேட்டது. ஜெர்மன் என்று அழுத்தினேன். கேள்விகள் வந்தன. வரட்டும், வரட்டும் என்று இருந்தேன். நடுவில் ஒரு கேள்வி வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அது என் பச்சைக்கோட்டுக் கேள்வி. அதே இலக்கங்கள். தெரிவு செய்யத் தந்த விடைகளும் அதே வரிசையில்.

பிரிங்க்மான் சொன்னதை அதுவரை நான் முழுதாக நம்பவில்லை. ஜெர்மன்காரரின் மிகைப் பயம் என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன். ஊரில் சேர் தந்த கேள்வி ஒன்று பரீட்சையில் வந்தால் கொட்டில் முழுக்கக் கொண்டாடும். இங்கே எனக்குக் கமராவை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. அந்தக் கட்டில் என்ன விடை போட்டிருந்தது என்பதும் ஞாபகத்தில் இருந்தது. மறக்கவேண்டும் என்றால் மறக்கிறதா மூளை?

பேனாவை எடுத்தேன். அந்தக் கேள்வியை முன்பின் கண்டிராதவள்போல, முதலிலிருந்து கணக்காகச் செய்தேன். எனக்கு வந்த விடை வேறு. அழித்துவிட்டு மறுபடி செய்தேன். மறுபடியும் அதே வேறு விடை. அவ்வளவு பேர் அந்தக் கட்டை வைத்துப் பாஸ் பண்ணியிருக்கிறார்கள். நான் ஒருத்தி. அட்டையில் என் கையெழுத்தைப் பார்த்தேன், கூட்டலில் பிழை இல்லை. என் விடையை அழுத்திவிட்டு அடுத்ததுக்குப் போனேன்.

கடைசியில் திரை ஒரு கணம் வெறுமையாகி, பிறகு 'தேர்ச்சி' என்றது.

பிரிங்க்மானின் அறை

அச்சடித்த தாளுடன் படியேறி ஓடினேன். முதலில் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்று எனக்குப் பட்டது. அவர் தாளை வாங்கினார், பார்த்தார். முகம் மலரும் என்று நின்றேன். மலரவில்லை.

"எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது சுட்டது. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவர் மேசையில் போட்டேன். கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

"இதில். எந்தப் பக்கத்தை வேண்டுமென்றாலும் திறந்து கேளுங்கள்."

அவர் திறந்து கேட்டார். சொன்னேன். வேறொரு பக்கம். சொன்னேன், ஏன் அப்படி என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மூன்றாவதாகப் பக்கத்தைத் திருப்பப் போனவர் திருப்பவில்லை. அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஃபிராவ் லோமானிடம் நான் பேசியிருந்தேன்" என்றார்.

"எப்போது?"

"அன்றைக்கே. அந்தத் தாள்களைக் கண்ட அன்று. நீங்கள் சான்றிதழ் கொண்டுவந்தால் அதை நம்பவேண்டாம் என்று சொன்னேன். எங்கள் பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன்."

நிர்வாகத்திடம் சொல்லாத மனிதர்! நான் தெருத்தெருவாக, இரண்டின் அடுக்கு இரண்டின் அடுக்காக அந்தப் புத்தகத்தைக் கடந்துகொண்டிருந்த வாரங்களிலெல்லாம் அந்த மேசை எனக்கு இல்லை. எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நான் பொரித்த ரோல்ஸை இந்த மனிதர் எப்படி விழுங்கினார் என்றுதான் முதலில் தோன்றியது. கத்தியிருப்பேன். தமிழில் என்றால் கட்டாயம் கத்தியிருப்பேன்.

"இப்போது எடுங்கள். எனக்கு முன்னால் பேசுங்கள்" என்றேன்.

அவர் தொலைபேசியை எடுத்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது, அவர் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

"ஆமாம், தேர்ச்சி. இல்லை, ஒழுங்காகத்தான். நானே இப்போது கேட்டுப் பார்த்தேன்... அன்று சொன்னது தவறு. நான் அவரிடம் எதையும் கேட்கவில்லை, ஃபிராவ் லோமான். தீர்ப்பை மட்டும் சொன்னேன்."

பிறகு என்னிடம் நீட்டினார். "உங்களோடு பேச வேண்டுமாம்."

"வாழ்த்துகள், ஃபிராவ் மரியநாயகம்" என்றது ஃபிராவ் லோமானின் குரல். "எனக்கு மகிழ்ச்சி. நடந்தது ஒரு துரதிர்ஷ்டம். அந்த இடத்துக்கு நாங்கள் இன்னும் ஆள் எடுக்கவில்லை."

நான் நன்றி சொல்லியிருக்கவேண்டும். வேலைக்காக எதையும் சொல்லத் தயாராக இருந்தவள்தான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஒரு குளிர்காலம் முழுக்க நான் உங்களோடு வேலை செய்தேன். என் தொலைபேசி இலக்கம் உங்களிடம் இருந்தது. அவர் சொன்னதும், அது உண்மையா என்று ஏன் என்னிடம் நீங்கள் கேட்கவில்லை?"

பிரிங்க்மான் நிமிர்ந்து பார்த்தார். போச்சுது, என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். வெடித்த கைகளும் வாளியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஆனாலும் கேட்டதைத் திருப்பி எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"திங்கட்கிழமை காலை வாருங்கள்" என்றார் ஃபிராவ் லோமான். "அதற்கு நேரில் பதில் சொல்கிறேன்."

திங்கட்கிழமை போனேன். மேசை இருந்தது, கணினி இருந்தது, ஒரு பூச்செண்டும் இருந்தது. அந்த நிறுவனத்தில் வருடக்கணக்காக வேலை செய்தேன். ஃபிராவ் லோமான் நல்ல மனிசி. என் மகளின் முதல் நன்மைப் பூசைக்கு வந்தார், நான் சுகமில்லாமல் கிடந்தபோது சூப் கொண்டுவந்தார், சம்பளத்தைக் கேட்காமலே கூட்டினார்.

அந்தக் கேள்விக்கு மட்டும் அவர் ஒருநாளும் பதில் சொல்லவில்லை.